புதிய கிளட்ச் செட் ஆக முதல் 800 கி.மீ.யை எப்படி ஓட்ட வேண்டும்: முழுமையான வழிகாட்டி

கிளட்ச் மாற்றி முடித்துச் சாவியைக் கையில் கொடுக்கும்போது மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் ஒரு வரிதான்: "கொஞ்ச நாள் மெதுவா ஓட்டுங்க சார், பிளேட் செட் ஆகணும்." எத்தனை நாள், மெதுவாக என்றால் எப்படி, செட் ஆகாவிட்டால் என்ன கெடும் என்றெல்லாம் விளக்க அவருக்கு நேரம் இருக்காது. அடுத்த வண்டி லிஃப்டில் ஏறிவிட்டிருக்கும்.

அவர் சொன்னதில் பாதிதான் சரி. டாப் கியரில் 50 கி.மீ. வேகத்தில் நாள் முழுக்க மெதுவாக ஓட்டினாலும் கிளட்ச் செட் ஆகாது. பெடலை முழுதாக விட்ட பிறகு கிளட்ச் பிளேட்டும் ஃபிளைவீலும் (இன்ஜினோடு சுற்றும் கனமான இரும்புச் சக்கரம்) ஒரே துண்டாகச் சேர்ந்து சுற்றுகின்றன, உரசல் என்பதே கிடையாது. உரசாமல் பழகாது. நின்ற வண்டியை எடுக்கும் அந்த ஒன்றிரண்டு விநாடிகளும் கியர் மாற்றும் கணங்களும்தான் கணக்கில் வருபவை. அதனால் சென்னையிலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் போய்த் திரும்பினால் மீட்டரில் 900 கி.மீ. ஏறியிருக்கும், கிளட்சோ ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். தி.நகரிலும் அண்ணா சாலையிலும் ஓடிய 300 கி.மீ. அதைவிடப் பல மடங்கு வேலை செய்திருக்கும். 800 கி.மீ. என்ற கணக்கு நகர ஓட்டத்துக்கு மட்டுமே பொருந்தும்.

உள்ளே என்ன நடக்கிறது

சாதாரணக் கார்களில் வரும் கிளட்ச் பிளேட்டின் முகம் நார், ரெசின், சில வகைகளில் செம்புக் கம்பி இழை சேர்த்து அழுத்திச் சுட்டுச் செய்தது. இதை ஆர்கானிக் வகை என்பார்கள். புதிதாக இருக்கும்போது இந்த முகமும் ஃபிளைவீலின் முகமும் முழுதாகப் படிவதில்லை, மேடான இடங்கள் மட்டுமே தொடுகின்றன. அதனால் புதிய கிளட்சின் பிடி, அது செட் ஆன பிறகு இருக்கப்போகும் பிடியைவிடக் குறைவு. சின்னச் சின்ன உரசல்களில் மேடுகள் தேய்ந்து, ரெசின் மெல்லிய படலமாக இரும்பு முகத்தில் ஏறி, இரண்டும் ஒன்றுக்கொன்று படிந்து வர வேண்டும்.

இந்த வேலை நடுவே அளவுக்கு மீறிய சூடு வந்தால் ரெசின் முகப்புக்கு வந்து கண்ணாடிபோல் பளபளத்து இறுகிவிடும். மெக்கானிக்குகள் இதைத்தான் "கிளேஸ் ஆயிடுச்சு" என்பார்கள். கிளேஸ் ஆன முகம் வழுக்கும், வழுக்கினால் சூடு கூடும், சூடு கூடினால் இன்னும் கிளேஸ் ஆகும். ஃபிளைவீலில் நீலத் திட்டுகள் விழுவதும் இதே சூட்டால்தான். அந்த இடங்களில் இரும்பு கடினமாகி, வண்டி எடுக்கும்போதெல்லாம் உதறல் கொடுக்கும்.

சூடு எவ்வளவு என்பதை உங்கள் வலது கால் முடிவு செய்கிறது. நின்ற வண்டியை எடுக்கும்போது கிளட்சில் எரியும் ஆற்றல், கிளட்ச் முழுதாகப் பிடிக்கும்போது இன்ஜின் சுற்றும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 1000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1000 சுற்று) எடுப்பதோடு ஒப்பிட்டால், 3000 ஆர்பிஎம்மில் பிடித்து எடுக்கும்போது சூடு 9 மடங்கு. சிறிய கார்களில் முதல் கியர் விகிதம் 3.5 அருகிலும் இரண்டாவது 1.9 அருகிலும் இருக்கும். அதே ஆர்பிஎம்மில் இரண்டாவது கியரில் எடுத்தால் சூடு 3 மடங்குக்கு மேல். வேகத்தடையில் ஏறத்தாழ நின்றுவிட்ட வண்டியை இரண்டாவதிலேயே இழுத்துவிடும் நம் ஊர்ப் பழக்கத்தை இந்த 800 கி.மீ.க்காவது மறந்துவிடுங்கள்.

கியர் பாக்ஸை மூடும் முன் பார்க்க வேண்டியவை

ஓட்டுவதில் எவ்வளவு கவனமாக இருந்தாலும், மாட்டும்போது நடந்த தவற்றை ஓட்டிச் சரிசெய்ய முடியாது. கிளட்ச் வேலையில் செலவின் பெரும்பகுதி கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான். ஆகவே இறக்கியிருக்கும்போதே ஒரு நடை போய்ப் பாருங்கள்.

முதலில் ஃபிளைவீல் முகம். நீலத் திட்டு, மெல்லிய விரிசல், விரல் நகத்தில் தட்டும் பள்ளம் இருந்தால் லேத்தில் கொடுத்து முகம் சீவ வேண்டும். ஆழமான விரிசல் என்றால் மாற்றத்தான் வேண்டும். சில ஃபிளைவீல்களில் பிளேட் உட்காரும் முகமும், பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிப்பது) போல்ட் ஏறும் முகமும் வெவ்வேறு மட்டத்தில் இருக்கும். லேத்காரர் ஒன்றை மட்டும் சீவி அனுப்பினால் பிரஷர் பிளேட்டின் அழுத்தமே மாறிவிடும்; இரண்டையும் ஒரே அளவு சீவ வேண்டும். சில டீசல் கார்களில் உள்ளே ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃபிளைவீல் வரும். அதைச் சாதாரணமாக லேத்தில் கொடுப்பதில்லை.

அடுத்தது ஆயில். இன்ஜின் கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலும், கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச் பிளேட்டிலிருந்து கியர் பாக்ஸுக்குள் போகும் தண்டு) சீலும் கசிகிறதா என்று கிளட்ச் உட்காரும் கூட்டுக்குள் விரல் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் இப்போதே மாற்றச் சொல்லுங்கள். ஆயில் குடித்த பிளேட்டைத் துடைத்து மீட்க முடியாது.

புதிய பிரஷர் பிளேட்டும் சீவி வந்த ஃபிளைவீலும் துருப்பிடிக்காமலிருக்க ஒரு எண்ணெய்ப் பூச்சோடு வரும். அதை பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்து, நூல் உதிராத சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். டீசலோ மண்ணெண்ணெயோ போட்டுத் துடைத்தால் பிசுக்கு தங்கிவிடும். கிரீஸ் கையோடு பிளேட்டின் முகத்தைப் பிடிக்கக் கூடாது. ஸ்ப்ளைனில் (பிளேட் உட்காரும் ஷாஃப்டின் பல்வரிகளில்) கிரீஸ் என்றால் மெல்லப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். கூடுதலாக இருப்பது சுற்றும்போது சிதறி நேராகப் பிளேட்டில்தான் விழும். கிட்டுடன் வந்த தாளில் கிரீஸ் வேண்டாம் என்று போட்டிருந்தால் அதுவும் வேண்டாம்.

பிளேட்டில் ஃபிளைவீல் பக்கம் எது என்று அச்சிட்டிருக்கும். திருப்பி மாட்டினால் கிளட்ச் விடுபடாது. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கடைசியில் டார்க் ரெஞ்ச்சில் மேனுவல் அளவுக்கு முடிக்க வேண்டும். ஏற்றும்போது கியர் பாக்ஸின் எடையை இன்புட் ஷாஃப்டில் தொங்கவிட்டால் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துபோகும். பிற்பாடு "செட் ஆகவே இல்லை" என்று சொல்லப்படும் பல கிளட்சுகளின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்றை வேலை தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். மாட்டி முடித்ததும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்து கிளட்சை விட்டு "பிடிக்குதா" என்று பார்ப்பது பல வொர்க்‌ஷாப்புகளில் வழக்கம். பழைய கிளட்சைச் சோதிக்க அது சரி. முழுப் பிடி வராத புதிய பிளேட்டில் அதுவே முதல் சூடாகிவிடும். டிரையல் பார்க்கும்போது சாதாரணமாக ஓட்டிப் பார்த்தால் போதும்.

வொர்க்‌ஷாப் வாசலிலேயே ஐந்து நிமிடம்

இன்ஜினை அணைத்த நிலையில் கிளட்ச் பெடலைக் கையால் அழுத்துங்கள். கேபிள் வைத்த வண்டிகளில் முதலில் சிறிது தூரம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் போக வேண்டும். அதுதான் ஃப்ரீ பிளே. பல கார்களில் இது 10 முதல் 20 மி.மீ.க்குள் வரும், ஆனாலும் உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள எண்ணே இறுதி. ஃப்ரீ பிளே இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளி கிளட்சை விடுவிப்பது) எப்போதும் அழுந்தியே இருக்கும், புதிய பிளேட் அரைகுறையாக வழுக்கும். ஹைட்ராலிக் என்றால் கிளட்ச் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். பெடல் பஞ்சுபோல் மிதந்தால் லைனில் காற்று இருக்கிறது, அந்தக் காற்றை வெளியேற்றாமல் (பிளீட் செய்யாமல்) வண்டியை எடுக்காதீர்கள்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஐடிலில் பெடலை முழுதாக மிதித்து, மூன்று விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமன்செய்து கியரைச் சத்தமின்றி விழவைக்கும் அமைப்பு) கிடையாது. எனவே கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்றால் 'கர்ர்ர்' என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். சத்தம் வந்தால் அட்ஜஸ்ட்மென்ட், காற்று, திருப்பி மாட்டிய பிளேட், வளைந்த பிளேட் இவற்றில் ஏதோ ஒன்று. "ஓட ஓட சரியாயிடும்" என்று சொன்னால் ஏற்க வேண்டாம். இது ஓடிச் சரியாகும் விஷயம் இல்லை.

பெடல் பழையதைவிட லேசாக இருப்பதும், பிடிக்கும் இடம் கீழே இறங்கியிருப்பதும் இயல்பு. தேய்ந்த பிளேட்டில் பெடல் கிட்டத்தட்ட மேலே வந்த பிறகே பிடித்துப் பழகிய காலுக்கு முதல் நாள் ஓரிரு முறை இன்ஜின் நின்றுபோகும். நிற்கட்டும். அதற்குப் பயந்து ஆக்சிலரேட்டரைக் கூட்ட வேண்டாம்.

முதல் 50 கி.மீ.

சமதளம், நெரிசல் இல்லாத நேரம், வண்டியில் நீங்கள் மட்டும் அல்லது கூட ஒருவர். விடியற்காலை சர்வீஸ் ரோடு இதற்கு அருமையான இடம்.

முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மெல்ல விட்டுக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் ஆர்பிஎம் முள் 100, 200 இறங்கும், இன்ஜின் சத்தம் சற்றுக் கனக்கும், வண்டியின் உடம்பு முன்னே நகரத் துடிக்கும். அதுதான் பிடிக்கும் இடம். அங்கே ஒரு கணம் நிறுத்தி, ஆக்சிலரேட்டரை 1200 முதல் 1500 வரை மட்டும் கொடுத்து, ஒன்றிரண்டு விநாடிக்குள் பெடலை முழுதாக விட்டு, காலை பெடலைவிட்டு அகற்றிவிடுங்கள். டப்பென்று விட்டால் உரசலே இல்லாமல் முழு அதிர்ச்சியும் பிளேட்டின் ஸ்பிரிங்குகளுக்குப் போகும். நான்கைந்து விநாடி ஹாஃப் கிளட்சில் இழுத்தால் தேவையற்ற சூடு. புதிய கிளட்சைப் பாதுகாக்கிறோம் என்று நினைத்து வெகு மென்மையாக, வெகுநேரம் எடுத்து விடுபவர்கள்தான் அதிகம் கெடுக்கிறார்கள்.

இப்படி 15, 20 முறை நின்று எடுங்கள். அடுத்தடுத்து அல்ல, ஒவ்வொரு முறைக்கும் நடுவே அரை கி.மீ.யாவது ஓடட்டும். ஓடும்போது சூடு ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் பரவித் தணியும். கியரை 2000 முதல் 2500 ஆர்பிஎம்முக்குள் மாற்றுங்கள். ஆக்சிலரேட்டர் பாதிக்குமேல் வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் லேசான வாடை வந்தால் பயப்பட வேண்டாம், பூச்சின் மிச்சமும் மேடுகளும் எரிகின்றன. காட்டமாகத் தீய்ந்த வாடையோ புகையோ வந்தால் அது வேறு. அப்போது ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, இன்ஜினை 15 நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். பெடலை மிதித்துக்கொண்டே நின்றால் பிளேட் தனியே தொங்கும், சூடு இறங்க வழியில்லை.

50 முதல் 300 கி.மீ.

இப்போது சாதாரண நகர ஓட்டம். நெரிசல் நல்லதுதான், ஆனால் அதில் ஓட்டும் முறை மாற வேண்டும். முன் வண்டி இரண்டடி நகர்ந்தால் நாமும் இரண்டடி நகர்வது கிளட்சுக்குக் கேடு. ஒன்றரைக் கார் அளவு இடைவெளி விழட்டும், பிறகு எடுத்து, பெடலை முழுதாக விட்டு, முதல் கியரில் ஐடிலிலேயே ஊரவிடுங்கள். பெரும்பாலான கார்கள் ஐடிலில் 5, 6 கி.மீ. வேகத்தில் தாமாகவே நகரும். நடுவே ஓர் ஆட்டோ மூக்கை நுழைக்கும், நுழையட்டும்.

சிக்னலில் நியூட்ரல், கால் கீழே. மேம்பால ஏற்றத்தில் நின்றால் ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பிடிக்கும் இடத்துக்குக் கிளட்சைக் கொண்டுவந்து, 1500 வரை ஆக்சிலரேட்டர் கொடுத்து, பானட் சற்று எழும்பியதும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள்.

புதிய பிளேட்டைக் கெடுக்கும் இடங்களில் முதலிடம் மால், அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டுகளுக்குத்தான். ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுப்பது, தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஹாஃப் கிளட்சில் அங்குலம் அங்குலமாக நகர்வது, பின்னால் ஹாரன் அடிக்கும்போது பதற்றத்தில் 3000 ஆர்பிஎம் கொடுப்பது, எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் நடந்துவிடும். முதல் 300 கி.மீ. வரை வண்டியை வெளியே சமதளத்தில் நிறுத்த முடியுமானால் அதைச் செய்யுங்கள்.

கீழ்க் கியருக்கு இறங்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டி இன்ஜின் வேகத்தை ஏற்றிவிட்டுக் கிளட்சை விடுங்கள். ஐந்திலிருந்து இரண்டுக்குத் தாவி, கிளட்சை பிரேக்காகப் பயன்படுத்துவது இப்போதைக்குக் கூடாது.

300 முதல் 800 கி.மீ.

இங்கே கட்டுப்பாட்டைப் படிப்படியாகத் தளர்த்தலாம். நான்கைந்து பேர் ஏறலாம், நெடுஞ்சாலை ஓட்டமும் தடையில்லை. (நெடுஞ்சாலை கிளட்சுக்குக் கெடுதல் இல்லை, உபயோகமும் இல்லை என்பதே விஷயம்.) முழு ஆக்சிலரேட்டர், உயர் கியரில் குறைந்த வேகத்தில் அழுத்திப் பிக்கப் எடுப்பது, இன்னொரு வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது மூன்றும் 800 தாண்டும்வரை வேண்டாம்.

டர்போ டீசல் வைத்திருப்பவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். பழைய ஸ்விஃப்ட் 1.3 டீசல் 2000 ஆர்பிஎம்மிலேயே 190 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும். அதே காரின் 1.2 பெட்ரோலில் உச்சமே 115 அருகில்தான், அதுவும் 4000 ஆர்பிஎம் பக்கம். நான்காவது கியரில் 1800இல் ஆக்சிலரேட்டரை மிதித்து டர்போ ஏறும் அந்த இடத்தில், பாதி செட் ஆன பிளேட் வழுக்கிவிடும்.

மலைப்பாதையை இந்தக் கட்டம் முடியும்வரை தள்ளிப்போடுங்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையே தவிர்க்கலாம் என்கிறபோது வால்பாறையின் 40, கொல்லிமலையின் 70 பற்றிச் சொல்லவே வேண்டாம். வீடே மலைமேல் என்றால், அடிவாரத்தில் மாற்றி முடிந்தவரை சமதளத்தில் ஓட்டிவிட்டு, ஆள் பாரம் இல்லாமல், பேருந்துகள் இறங்காத நேரம் பார்த்து ஏறுங்கள். ஓட்டத்தில் ஏறுவது பிரச்சினை இல்லை, வளைவில் நின்று எடுப்பதுதான் பிரச்சினை.

500 கி.மீ. தாண்டியதும் கேபிள் வண்டிகளில் ஃப்ரீ பிளேயை மறுபடி பார்க்க வேண்டும். மேடுகள் தேய்ந்து பிளேட் சற்று மெலிந்ததும் பிரஷர் பிளேட்டின் விரல்கள் ரிலீஸ் பேரிங் பக்கம் வரும், ஃப்ரீ பிளே குறையும். பத்து நிமிட வேலை இது. பலரும் செய்வதில்லை.

செட் ஆகிவிட்டதா?

800 கி.மீ. முடிந்த பிறகு, அதற்கு முன் அல்ல, ஆளில்லாத நேரான சாலையில் நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏறினால் பிடி முழுதாக வந்துவிட்டது. முள் மட்டும் தாவி, வேகம் பின்தங்கினால் வழுக்குகிறது. டீசலில் இதையே 2000 ஆர்பிஎம் அருகே பாருங்கள்.

வழுக்கினால் முதலில் பார்க்க வேண்டியது ஃப்ரீ பிளே. அது சரியாக இருந்து, சூடுபட்ட நினைவும் இருந்தால் லேசான கிளேஸாக இருக்கலாம்; இன்னும் 200 கி.மீ. மென்மையான நகர ஓட்டத்தில் தேறும் வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போனால் ஆயில் கசிவு அல்லது முற்றிய கிளேஸ், கியர் பாக்ஸ் மறுபடி இறங்க வேண்டியதுதான். சூட்டில் கெட்ட பிளேட்டை வாரண்டியில் பொதுவாக ஏற்க மாட்டார்கள். ஃபிளைவீலின் நீலத் திட்டே சாட்சி சொல்லிவிடும்.

எடுக்கும்போது உதறல் முதல் சில நூறு கி.மீ.யில் இருந்து, பிறகு குறைந்தால் விட்டுவிடுங்கள். கூடினால் ஃபிளைவீல் முகம், ஆயில், வளைந்த பிளேட் மூன்றையும் சந்தேகப்படுங்கள். அதற்குமுன் இன்ஜின் மவுண்ட்டையும் பாருங்கள், கியர் பாக்ஸ் இறக்கிய வேலையில் மவுண்ட் போல்ட் தளர்ந்து விடுவது உண்டு. பெடலை மிதித்தால் வரும் கீச்சொலி ரிலீஸ் பேரிங்கைக் காட்டும். பெடலை விட்டிருக்கும்போது வந்து, மிதித்தால் நின்றுபோகும் இரைச்சல் பெரும்பாலும் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங்.

மழைக்காலத்தில் மாற்றியவர்களுக்கு ஒன்று: தேங்கிய நீரில் ஓட்டி, அப்படியே வாரக்கணக்கில் நிறுத்திவிட்டால் பிளேட் ஃபிளைவீலோடு துருவில் ஒட்டிக்கொள்ளும், பெடலை மிதித்தும் கியர் விழாது. நீரில் போய் வந்த அன்றே சில கி.மீ. ஓட்டிக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள்.

கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி கார்களிலும் உள்ளே இருப்பது இதே உலர் கிளட்ச்தான். அதில் மாற்றியபின் ஸ்கேனர் போட்டு, பிடிக்கும் இடத்தை கம்ப்யூட்டருக்குக் கற்பிக்க வேண்டும், அது செய்தார்களா என்று கேளுங்கள். கெவ்லர் (வலுவான செயற்கை நார்) பிளேட் போட்டிருந்தால் செட் ஆக 1500 கி.மீ. நகர ஓட்டம்கூட ஆகும். தயாரிப்பாளர் தாளில் உள்ள எண்ணைப் பின்பற்றுங்கள். ஷோரூமிலிருந்து வந்த புத்தம்புதுக் காருக்கும் மேலே சொன்ன ஓட்டும் முறை அப்படியே பொருந்தும். இன்ஜினுக்கென்று மேனுவலில் சொல்லியிருக்கும் முதல் 1000 கி.மீ. கட்டுப்பாட்டிலேயே இதுவும் அடங்கிவிடும், வாங்கிய வாரமே குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பாத வரையில்.